சாவியைக் கேட்டால் என்ன சொல்வது?

காப்பிப் பொடி இரவல் கேட்டு வந்தால் ஒரு டம்ளர் அளந்து கொடுத்துவிடுகிறோம். திரும்பி வந்தால் லாபம். வராவிட்டால் அதற்காக யாரும் கோர்ட்டுக்குப் போவதில்லை. வாரப் பத்திரிகையை இரவல் கொடுத்து, தொடர்கதைப் பக்கம் மட்டும் இல்லாமல் திரும்பப் பெற்ற சகோதரிகளும் எத்தனையோ பேர்! ஆனால் மோட்டார் சைக்கிள் சாவியைக் கேட்டு ஒருவர் வாசலில் வந்து நின்றால்?

ஓசூர்ப் பக்கத்தில் இந்தச் சங்கடம் அதிகம். இரண்டு பேர் ஏறிப் போகக்கூடிய மொபெட்டை டி.வி.எஸ். கம்பெனி 1980-ல் வெளியிட்டது இந்த ஊர்த் தொழிற்சாலையிலிருந்துதான். இன்று அங்கே இரண்டு சக்கர வண்டி நிற்காத வாசலைக் காண்பது அபூர்வம். அதோடு ஷிப்ட் வேலை. வீட்டுக்காரர் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் போர்த்திக்கொண்டு தூங்குவார். வண்டி வெளியே சும்மா நிற்கும். கேட்க வருகிறவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

"அக்கா, அண்ணன் வண்டி சும்மாத்தானே நிக்குது? அத்திப்பள்ளி வரைக்கும் போய்ட்டு அரை மணியிலே வந்துடறேன்" என்பான் எதிர்வீட்டுத் தம்பி. அரை மணி என்பது சாயங்காலமாகும். பெட்ரோல் காலி, கண்ணாடி ஒடிசல் எல்லாம் சில்லறை விஷயம். எல்லை தாண்டிப் பெங்களூரில் சிக்னலை மீறினால் காமிரா வண்டி நம்பரைத்தான் பார்க்கும். அபராதம் சொந்தக்காரர் பெயருக்கு வரும். அதுவும் பணத்தோடு போயிற்று என்று விட்டுவிடலாம்.

பணத்தோடு போகாத சமாசாரம் ஒன்று உண்டு. இல்கல் புடவை தெரியுமல்லவா? வட கர்நாடகத்திலுள்ள அந்த இல்கல்லிலிருந்து ஒருவர் சொந்த ஊருக்குப் போகத் தெரிந்தவரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார். முன்னால் இரும்புத் தகடு ஏற்றிய மாட்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. அது திடீரென்று நின்றது. இவர் போய் மோதி உயிரை விட்டார். மனைவி, அந்த வண்டியின் இன்ஷூரன்ஸிலிருந்து நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போட்டார். யார் மீது தப்பு என்று நிரூபிக்காமலே நஷ்ட ஈடு கேட்க வழி செய்யும் பிரிவு அது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2009-ல் தீர்ப்பு வந்தது: இரவல் வாங்கி ஓட்டியவர் சொந்தக்காரரின் ஸ்தானத்தில் இருக்கிறார், சொந்தக்காரரே தம் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் அந்நியரைப் போல நஷ்ட ஈடு கேட்க முடியாது, ஆகவே அந்தப் பிரிவின் கீழ் மனைவிக்கும் கிடையாது. வேறு பிரிவில் வழி உண்டா என்று பார்க்கும்படி வழக்கு ஹைகோர்ட்டுக்கே திரும்பிற்று. புருஷனை இழந்த ஒரு பெண் கோர்ட்டுப் படிகளில் எத்தனை முறை ஏறி இறங்கியிருப்பார், யோசியுங்கள். 2020-ல் வேறொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே கொள்கையைச் சொன்னது.

"பாலிசியில் 15 லட்சம் இருக்கிறதே?" என்பீர்கள். 2018 முதல் இருக்கும் அந்த விபத்துப் பாதுகாப்பு, லைசென்ஸ் வைத்துக்கொண்டு தம் வண்டியைத் தாமே ஓட்டும் சொந்தக்காரருக்கு. இரவல்காரருக்கு அல்ல. இன்னொன்றும் கேளுங்கள். பாலிசி தர்டு பார்ட்டிக்கு மட்டும் என்றால், பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் அதில் பாதுகாப்பு இல்லை. 2006-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பின்னால் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் யார்? நாம்தான்!

லைசென்ஸ் இல்லாதவரிடம் தெரிந்தே சாவியைக் கொடுத்து, அவர் யார் மீதாவது மோதிவிட்டால், இன்ஷூரன்ஸ் கம்பெனி அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு அதை உங்களிடம் வசூலிக்க வரலாம். கொடுத்த குற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ தனி. ஓட்டியது பதினெட்டு நிரம்பாத பிள்ளை என்றால் இன்னும் மோசம்: பெற்றோருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும், பதிவும் 12 மாதத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. பிளஸ் டூ பிள்ளை டியூஷனுக்குத்தானே போகிறான் என்று சாவியை எடுத்துக் கொடுக்கும் தாய்மார்கள் இதை இன்னொரு முறை படிக்கவும். வண்டி உங்கள் பெயரில் இருந்தால் நோட்டீஸும் உங்கள் பெயரில்தான்.

அப்படியானால் யாருக்குமே கொடுக்காதே என்கிறேனா? இல்லை. நடு ராத்திரியில் பக்கத்து வீட்டுப் பையன் வந்து, அப்பா நிமான்ஸ் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், உடனே போக வேண்டும் என்று நின்றால், லைசென்ஸைப் பார்த்துவிட்டுச் சாவியோடு ஹெல்மெட்டையும் சேர்த்துக் கொடுத்தனுப்புவேன். அவன் கை நடுங்குகிறது என்று கண்டால் வீட்டுக்காரரை எழுப்பி, "நீங்களே கொண்டுபோய் விட்டுவிட்டு வாருங்கள்" என்பேன். ஞாயிற்றுக்கிழமை ஊர் சுற்ற வேண்டும் என்கிற மைத்துனருக்கு மட்டும் சாவி இல்லை. கோபித்துக்கொள்வார். தீபாவளிக்குள் சரியாகிவிடும்.

லைசென்ஸ் கேட்க வெட்கமாக இருந்தால் பழியை இன்ஷூரன்ஸ்காரர் மேல் போடுங்கள்: "காட்டாவிட்டால் பாலிசி சிக்கலாகுமாம், தம்பி." அவர் ஒன்றும் வருத்தப்படமாட்டார்.

வண்டியைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், எதிர்வீட்டு அம்மாளை ஒன்று கேட்டு வையுங்கள்: "உங்க வீட்டுக்காரருக்கு அந்த இருபது ரூபாய் இன்ஷூரன்ஸ் இருக்கா?" பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா என்று பெயர். சேமிப்புக் கணக்கு உள்ள பாங்கிலேயே போட்டுக்கொள்ளலாம். 18 வயது முதல் 70 வரை உள்ளவர்களுக்கு. விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம். யாருடைய வண்டி என்ற கேள்வியே அதில் எழாது. ஜூன் 1-ல் வருஷம் தொடங்குகிறது. மே மாதக் கடைசியில் கணக்கில் அந்த 20 ரூபாய் இருக்க வேண்டும்.