கடைசித் தேதி யாருக்குக் கடைசி?

‘உங்க சனங்களுக்குப் புள்ளைங்க படிப்புல அக்கறையே கெடையாதும்மா. எல்லாம் முடிஞ்சப்பறம்தான் காயிதத்தத் தூக்கிக்கிட்டு ஓடியாருவாங்க.’

இதை என்னிடம் சொன்னவர் கெட்ட மனுசர் இல்லை. ஒரு தாலுக்கா ஆபீசில் எழுத்தர். நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். அது அவர் ஒருத்தருடைய கருத்தும் இல்லை. மேடையில் ‘பெற்றோர்களே விழிப்போடு இருங்கள்’ என்று பேசுகிற கல்வியாளர் சொல்கிறார். ஊர்த்தெருத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் சொல்கிறார். நம்மில் படித்து வேலைக்குப் போய், டவுனில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டவர்களும் இப்போது சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அக்கறை என்றால் என்ன? பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரிக்கு மனுப்போட என்னென்ன வேண்டும்? மதிப்பெண் சான்று, மாற்றுச் சான்று, சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆதார், பேங்குப் புத்தகம், போட்டோ. தொழிற்படிப்பு என்றால் முதல் பட்டதாரிச் சான்று வேறு. சாதிச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டினால் மனு கிராம நிர்வாக அலுவலரிடம் போகும். அவரிடமிருந்து வருவாய் ஆய்வாளருக்கு. அவரிடமிருந்து தாசில்தாருக்கு. மூன்று மேசை, மூன்று பேருடைய சவுகரியம். இதே மே, சூன் மாதத்தில்தான் தாலுக்கா ஆபீசில் ஜமாபந்தி நடக்கும். ‘அய்யா ஜமாபந்தியில இருக்காரு, நாளைக்கு வா’ என்பார்கள்.

இந்த ‘நாளைக்கு வா’வுக்கு என்ன விலை என்று யாராவது கணக்குப் போட்டிருக்கிறார்களா? 2024-25-ல் நூறுநாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். மூன்று முறை ‘நாளைக்கு வா’ என்றால் 957 ரூபாய் போயிற்று. பஸ் செலவு தனி. ஊர்த்தெருவில் வாத்தியார் மகனும் அதே வருசம்தான் பிளஸ் டூ முடிக்கிறான். அவன் அப்பா தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் போய் வருகிறார். தாசில்தார் ஆபீசில் தெரிந்தவர் இருக்கிறார். சம்பளத்தில் ஒரு பைசா பிடிக்க மாட்டார்கள். இதற்குப் பெயர் அக்கறையாம். நான் இதைச் சம்பளத்தோடு கூடிய விடுப்பு என்று சொல்வேன்.

2024-ல் நடந்ததைச் சொல்கிறேன். மே 6-ஆம் தேதி பிளஸ் டூ முடிவு வந்தது. அன்றைக்கே அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இணையவழி விண்ணப்பத்தைத் திறந்தார்கள். மே 20 கடைசி. பிறகு 24 வரை நீட்டினார்கள். எங்கள் தெருவில் அந்த வருசம் ஒரு பெண் நல்ல மார்க் எடுத்திருந்தாள். நாங்கள் நாலைந்து பேர் நடத்தும் இரவுப் பாடசாலையில் படித்தவள். அவள் அப்பா அம்மா இரண்டு பேரும் பொங்கல் முடிந்த கையோடு திருவள்ளூர் பக்கம் செங்கல் சூளைக்குப் போய்விட்டவர்கள். அவள் பரீட்சை எழுத வேண்டும் என்பதற்காக ஆயாவிடம் விட்டுப் போனார்கள்.

சூளை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு புருசனும் பெண்டாட்டியுமாகப் போக வேண்டும். ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து மண் மிதித்துக் கல் அறுக்க வேண்டும். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. மழை இறங்கும் வரைக்கும் சூளை நடக்கும். வெயில் கொளுத்துகிற மே மாதம்தான் சூளைக்கு நல்ல மாசம். அந்த மாசத்தில் மேஸ்திரி ஆளை விடமாட்டான். கல்லூரிக்காரன் தேதி வைப்பதும் அதே மே மாசத்தில். இரண்டு காலண்டரும் நம்ம சனத்தின் கழுத்தில்தான் வந்து முட்டுகின்றன.

அவள் மனுப்போட உட்கார்ந்தபோது செல்போனுக்கு ஓ.டி.பி. வரும் என்றார்கள். அந்த வீட்டில் இருப்பது ஒரே போன். அது அப்பாவிடம் சூளையில். பகலில் அவர் அசந்து தூங்கும் நேரம் போன் சார்ஜுக்காக மேஸ்திரி ஷெட்டில் கிடக்கும். எண் வந்து, அதை யாராவது பார்த்து, அவரை எழுப்பி, அவர் இவளுக்குச் சொல்வதற்குள் அந்த எண் செத்துப்போகும். இரண்டு நாள் இப்படியே போயிற்று. கடைசியில் என் போன் எண்ணைப் போட்டோம்.

அடுத்தது சாதிச் சான்று. பத்தாவதிலேயே மனுப்போட்டுத் திரும்பி வந்த சான்று அது. அம்மாக்காரி மேஸ்திரி காலில் விழாத குறையாகக் கேட்டு மூன்று நாள் தவணை வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் வந்து சேர்ந்தாள். விசாரணைக்கு வீட்டுக்கு வந்தவர் சுவரில் மாதா படம் போட்ட காலண்டர் தொங்குவதைப் பார்த்தார். ‘நீங்க சர்ச்சுக்குப் போறவங்களா?’ என்றார். அவள் ஒளிவு மறைவில்லாமல் சொன்னாள். ‘புள்ளைக்கு நோவுன்னா மாதா கோயிலுக்கும் போவேன் சாமி. ஆடி மாசம் மாரியாத்தாளுக்குக் கூழும் ஊத்துவேன். காலண்டரு மளிகைக் கடையில குடுத்தது.’

அவ்வளவுதான். கோப்பு ‘மேல் விசாரணை’க்குப் போய்விட்டது. 1950-ல் குடியரசுத் தலைவர் போட்ட ஆணை, இந்து அல்லாத மதத்தில் இருக்கும் நம்மவரைப் பட்டியல் சாதி இல்லை என்றது. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள். 1990-ல் பவுத்தரைச் சேர்த்தார்கள். கிறித்தவன் இன்னமும் வெளியேதான். சேரியில் குடியிருக்கும்போதும், டீக்கடையில் நிற்கும்போதும், சுடுகாட்டுக்குப் பிணம் தூக்கும்போதும் அவன் என்ன சாதி என்று ஊரானுக்குச் சந்தேகமே வருவதில்லை. சான்று கேட்கும்போது மட்டும் ஒரு மளிகைக் கடைக் காலண்டருக்கு மதம் மாற்றும் சக்தி வந்துவிடுகிறது.

இ-சேவை மையத்துப் பையன் நல்லெண்ணத்தில் கேட்டான்: ‘அக்கா, பேசாம ஓ.சி.னு போட்டுடட்டா?’ போட்டிருக்கலாம். இட ஒதுக்கீடும் போயிருக்கும், உதவித்தொகையும் போயிருக்கும். மே 20 போயிற்று. 24-ம் போயிற்று. அம்மாக்காரிக்குக் கொடுத்த மூன்று நாள் தவணை அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அவள் திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் என்னிடம் கேட்டாள்: ‘நான் அந்தக் காலண்டரக் கழட்டி வச்சிருந்தா கெடச்சிருக்குமா?’ எனக்குப் பதில் வரவில்லை. இவளைத்தான் அக்கறை இல்லாதவள் என்கிறார்கள்.

என் கதையும் இதே கதைதான். நான் 2008-ல் பிளஸ் டூ முடித்தேன். அப்போது கல்லூரிக்கே போய் வரிசையில் நின்று விண்ணப்பம் வாங்க வேண்டும். எல்லா நகலிலும் அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி பச்சை மையில் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் தெருவில் பச்சை மை வைத்திருப்பவர் ஒருத்தர்கூட இல்லை. நடவு வேலையை விட்டுவிட்டு அம்மா என்னை இழுத்துக்கொண்டு அலைந்தாள். ஒருத்தர் ‘எந்தத் தெரு?’ என்று கேட்டுவிட்டு ‘நாளைக்கு வா’ என்றார். இன்னொருத்தர் ஊரில் இல்லை. கடைசி நாள் சாயங்காலம் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா ஒன்றும் கேட்காமல் போட்டுக் கொடுத்தார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சன்னல் சாத்தியிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி ஒருவழியாக மனுவைக் கொடுத்தோம். நான் கேட்ட கணிதம் நிரம்பிவிட்டது, தமிழ்தான் மிச்சம் என்றார்கள். நான் எம்.ஏ. தமிழ் என்று சொன்னால் சிலர் ‘தமிழ்ப் பற்றா?’ என்று கேட்கிறார்கள். பச்சை மை கிடைக்காததால் வந்த பற்று, அய்யா.

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் என்னுடைய ஒவ்வொரு காகிதத்தையும் சீலின் வடிவத்தை வைத்து அடையாளம் சொல்வாள். வட்டச் சீல் பள்ளிக்கூடம், கோபுரச் சீல் தாசில்தார். மழையில் கூரை ஒழுகும்போது அரிசியைக் காப்பதற்கு முன்னால் அந்த மஞ்சள் பையை எடுத்து மடியில் கட்டிக்கொள்வாள். அக்கறையை அளக்கிறவர்கள் எந்தப் படியைக் கொண்டு அளக்கிறார்கள்?

அம்பேத்கரின் தகப்பனார் ராம்ஜி சக்பாலைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். கட்டிக் கொடுத்த மகள்களிடம் நகை வாங்கி அடகு வைத்து மகனுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தார். பரேலில் ஒற்றை அறையில் வைத்துப் படிக்க வைத்தார். எல்லாம் உண்மை. ஆனால் ராம்ஜி ராணுவத்தில் சுபேதார். ராணுவப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியராக இருந்தவர், பென்சன் வாங்கியவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவரிடம் பாசத்தோடு எழுத்தும் இருந்தது, மாசம் பிறந்தால் வருகிற காசும் இருந்தது. சூளையில் கல் அறுக்கிறவனைப் பார்த்து ‘ராம்ஜியைப் போல இரு’ என்று சொல்கிறவர்கள் அவனுக்கு அந்த இரண்டையும் முதலில் கொடுக்கட்டும்.

‘தேதி என்றால் எல்லாருக்கும் ஒண்ணுதானே, உங்களுக்கு மட்டும் தனித் தேதியா?’ என்று கேட்பார்கள். இதற்கு உச்ச நீதிமன்றமே ஒரு பதில் சொல்லியிருக்கிறது. உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துத் தலித் மாணவன் ஒருவனுக்கு 2024-ல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. சூன் 24 மாலை 5 மணிக்குள் 17,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள். நாளுக்கு 450 ரூபாய் கூலி வாங்கும் அப்பாவுக்கு அது முப்பத்தொன்பது நாள் கூலி. அவகாசம் கொடுத்ததோ நாலே நாள். அங்கே இங்கே கேட்டுப் பணம் சேர்ப்பதற்குள் இணையதளத்தை மூடிவிட்டார்கள். அந்த வருசம் நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் அந்தப் பையன் ஜார்க்கண்டிலிருந்து சென்னை உயர் நீதிமன்றம் வரை அலைய வேண்டியிருந்தது. செப்டம்பர் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவனைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி உத்தரவிட்டது. 2021-லும் இப்படித்தான். பம்பாய் ஐ.ஐ.டி.யில் பணம் கட்ட முடியாமல் இடத்தை இழந்த இன்னொரு தலித் மாணவனுக்கு அதே நீதிமன்றம்தான் இடம் கொடுத்தது.

நல்லது, மகிழ்ச்சி. ஆனால் டெல்லி வரை போக முடிந்தவன் ஒருத்தன். போகாதவர்கள் எத்தனை பேர்? மூன்று நாள் தவணையில் வந்த எங்கள் தெருக்காரி எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944 முதல் இருக்கிறது. அதை வாங்க முதலில் கல்லூரிக்குள் போயிருக்க வேண்டும். வாசல்படியில் தடுக்கி விழுகிறவனுக்கு அந்தத் தொகை எதற்கு?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. நான் முதல்வன் திட்டத்தில் ‘உயர்வுக்குப் படி’ முகாம் நடத்துகிறார்கள். கல்லூரிகளில் உதவி மையம் வைத்திருக்கிறார்கள். முகாமுக்கு வரவேண்டியதும் பிள்ளையும் பெற்றோரும்தானே? வருவதற்கு யார் கூலி தருவது? நாங்கள் கேட்பது சலுகை இல்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே சாதிச் சான்றைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கொடுத்து முடியுங்கள். சான்று நிலுவையில் இருந்தால், மனுப்போட்ட ரசீதை வைத்து மாணவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தாமதம் தாலுக்கா ஆபீசுடையது என்றால் தண்டனையும் அங்கேதான் விழவேண்டும். சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போன வீட்டுப் பிள்ளைகளுக்கு, சீசன் முடிந்த பிறகு ஒரு தவணை வையுங்கள். காலி இடம் இருந்தால் தேதியை நீட்டத் தெரிந்தவர்களுக்கு, காலி வயிறு இருக்கும்போதும் நீட்டத் தெரிய வேண்டும்.

தோழர்களே, நம்மையும் ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 14-ஆம் தேதி நீலக்கொடி கட்டுகிறோம், பறை அடிக்கிறோம், பேனரில் நம் போட்டோவையும் போட்டுக்கொள்கிறோம். அடுத்த மூன்று வாரத்தில் பிளஸ் டூ முடிவு வருகிறது. அப்போது சேரியில் ஒரு திண்ணையில் உட்கார்ந்து மனுவை நிரப்பிக் கொடுக்க நம்மில் எத்தனை பேர் இருக்கிறோம்? இன்றைக்குப் பச்சை மை வைத்திருப்பவர்கள் நம்மிலும் உண்டு. தற்செயல் விடுப்பு உள்ளவர்களும் உண்டு. அந்த விடுப்பில் இரண்டு நாளை மே மாதம் நம்ம தெருவுக்குக் கொடுக்கக் கூடாதா? அக்கறை இல்லை என்ற சொல் யாருக்குப் பொருந்துகிறது என்று அப்போது பார்ப்போம்.

அந்தப் பெண்ணுக்குச் சாதிச் சான்று ஆகஸ்டு மாதம் வந்தது. கல்லூரியில் வகுப்புத் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. இப்போது அவள் கம்பெனி வேனில் வேலைக்குப் போகிறாள். விடியற்காலை நாலரை மணிக்கு வேன் எங்கள் தெரு முனையில் வந்து நிற்கிறது. அந்த வேனுக்குச் சாதிச் சான்று வேண்டாம், ஓ.டி.பி. வேண்டாம், கடைசித் தேதியும் கிடையாது. அது வருசம் முழுக்க வருகிறது. அவள் தம்பி இப்போது ஒன்பதாவது படிக்கிறான். அவனுடைய மனுவை இந்த வாரமே எழுதப் போகிறோம்.