வெண்கலமும் நட்பும்

பாரிசு நகரத்துப் பிரோன் மாளிகையிலே, ரோடின் என்னும் சிற்பியின் வெண்கலப் படைப்புக்கள் 1919ஆம் ஆண்டு தொட்டு நிலையான காட்சியாக விளங்குகின்றன. அம்மாளிகையை 1908இல் அவருக்கு அறிவித்தவர் கவிஞர் ரில்கே. சிற்பியின் செயலாளராயிருந்து 1906இல் விலக்கப்பட்டவர் அவர். பிணக்குத் தீர்ந்தபின் நட்பு மீண்டது. பொருளை உற்றுநோக்கிப் பாடும் பயிற்சியை அக்கவிஞர் பெற்றதும் அச்சிற்பியிடமே.

அதனினும் வியத்தகு நட்பொன்றுண்டு. சென்னை நூதனசாலையிலுள்ள திருவாலங்காட்டு நடராசர் திருவுருவைப் புகைப்படத்திற் கண்ட ரோடின், 1913இல் அதனை வியந்தெழுதினார். 1917இல் அவர் மறைந்தார். அவ்வுரை 1921இல், கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமியின் உரையோடு ஒரே நூலில் வெளிவந்தது.

புகைப்படமே பிறநாட்டார் ஒருவரை அத்துணை உருக்கிற்று. எமக்கோ, பொலன்னறுவையிற் கிடைத்த சைவ வெண்கலத் திருவுருவங்கள் பல கொழும்பு நூதனசாலையிலேயே உள்ளன. குமாரசுவாமி 1914இல் அவற்றை ஆராய்ந்து நூலுஞ் செய்தார். எனினும், எம் மாணவருட் பலர் அவற்றைப் பரீட்சை விடையாக மாத்திரமே அறிவர்.

தமிழ் கற்பிக்கும் யான் உடனாசிரியர்களை வேண்டுவது ஒன்றே. கூத்தப்பிரான்மேற் பாடிய பதிகத்தை வகுப்பிற் படிப்பித்தபின், மாணவரை ஒருநாள் அத்திருவுருவின் முன்னே அழைத்துச் சென்று நிறுத்துங்கள். குறிப்பெழுதச் சொல்லவேண்டா, நின்று பார்க்க விடுங்கள். புலவனுக்கும் சிற்பிக்கும் உள்ள உறவை அவர்கள் தாமே உணர்வர்.