கிட்னியைக் கெடுப்பது பிரஷர் மாத்திரை அல்ல

“பிரஷர் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும்.” ஈப்போ சந்தையிலும் கோயில் மண்டபத்திலும் அக்கறையோடு சொல்லப்படும் இந்தப் பேச்சு ஆளைக் கொல்கிறது. அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களின் சிறுநீரகம்தான் முதலில் போகிறது.

அடங்காத இரத்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கிறது. சிதைந்த சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்ற முடியாமல் அழுத்தத்தை மேலும் ஏற்றுகிறது. வலியே தெரியாது. கால் வீங்கி மூச்சு வாங்கும்போது பெரும்பகுதி போயிருக்கும். பெரிண்டோபிரில், லோசார்டன் போன்ற மாத்திரைகள் அழுத்தத்தைக் குறைப்பதோடு சிறுநீரில் புரதம் கசிவதையும் குறைக்கின்றன. தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினின் சற்று ஏறக்கூடும். அதைக் கண்காணிக்கத்தான் மருத்துவர் மீண்டும் இரத்தம் எடுக்கிறார். நிறுத்துவதா, அளவை மாற்றுவதா என்பது அவர் முடிவு.

மலேசியப் பெரியவர்களில் 15.48 விழுக்காட்டினருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய் இருப்பதை 2018ஆம் ஆண்டின் ஆய்வு காட்டியது. 2011இல் மேற்கு மலேசியாவில் இது 9.07ஆக இருந்தது. நோயாளிகளில் 5 விழுக்காட்டினருக்கே தங்கள் நோய் தெரிந்திருந்தது என்பதுதான் நம்மை உலுக்க வேண்டிய செய்தி. இன்று நாட்டில் 50,000க்கும் மேற்பட்டோர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். பெரும்பாலோருக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம்.

பேராக்கின் சுங்கை சிப்புட்டிலும் பீடோரிலும் பால்மரம் சீவிய தலைமுறைக்கு இப்போது அறுபது, எழுபது வயது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது லயங்கள் மட்டும் போகவில்லை. காய்ச்சலுக்கும் காயத்துக்கும் கூப்பிடு தூரத்தில் இருந்த டிரெசரும், அதாவது தோட்ட மருத்துவ உதவியாளரும், போய்விட்டார். அந்த இடம் இன்னும் நிரம்பவில்லை. அரசாங்கக் கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்தான். ஆனால் அங்கே போய்வர பஸ் கிடைக்காது, பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள்.

அதனால் முழங்கால் வலிக்குப் பக்கத்துக் கடையில் டைக்ளோபினாக்கோ பொன்ஸ்டானோ வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறார்கள். கிட்னியைக் கெடுக்கும் மாத்திரை என்றால் அது இதுதான். பிரஷருக்கு நல்லதென்று நட்சத்திரப் பழச் சாறு குடிக்கிற வழக்கமும் உண்டு. சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அந்தச் சாறு நஞ்சு: தீராத விக்கலில் தொடங்கி வலிப்பு, உயிரிழப்பு வரை போகும். கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள் என்று சொல்கிற நாம், இதை உரக்கச் சொன்னதே இல்லை.

கையில் பட்டை கட்டி அழுத்தத்தை அளந்து, மருந்து கொடுத்து அனுப்புவது போதாது. பேராக் மாநிலச் சுகாதார இலாகா, இரத்த அழுத்தமுள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒரு முறையாவது சிறுநீர் அல்புமினும் கிரியேட்டினினும் பார்க்கப்படுவதை உறுதி செய்ய வேண்டும். எஞ்சியிருக்கும் தோட்டங்களுக்கு நடமாடும் கிளினிக் தவறாமல் போக வேண்டும், தமிழில் விளக்கக்கூடிய ஒருவரோடு. கோயில் நிர்வாகங்கள் இந்த ஆண்டுத் திருவிழாவிலேயே ஒரு பரிசோதனைப் பந்தலுக்கு இடம் ஒதுக்கட்டும். வீட்டில் பிரஷர் உள்ள பெரியவர் இருந்தால், அடுத்த முறை கிளினிக்குக்குக் கூடவே போய், “கிட்னி எப்படி இருக்கிறது, டாக்டர்?” என்று நீங்களே கேளுங்கள்.