இணைப்பும் இரு கைகளும்

புதுக் கருவி தோன்றியவுடன் துன்பம் தானே தீரும் என்று நாம் கருதுகின்றோம். அமெரிக்கப் புகைவண்டி வரலாறு வேறு கூறுகின்றது. அங்கே முன்னாளில், நெருங்கிவரும் இரு வண்டிகளின் நடுவே தொழிலாளி நின்று, இருப்பு வளையத்தைக் கையால் ஏந்தி ஆணி செருகுதல் வேண்டும். கணம் தவறின் விரல் போம், உயிரும் போம். 1873-இல் ஈலி ஜானி என்பவர், மடக்கிய விரல்களையுடைய இரு கைகள் ஒன்றையொன்று பற்றுவதுபோல், வண்டிகள் முட்டியவுடன் தானே பூட்டிக்கொள்ளும் இணைப்பிற்குப் பேடெண்டு உரிமை பெற்றார். ஆயினும் செலவையெண்ணிக் கம்பெனிகள் பல தயங்கின. தானே பூட்டும் இணைப்பைக் கட்டாயமாக்கிய சட்டம் 1893-இல் பிறந்து, 1900-இலேயே முற்றும் அமலாயிற்று.

கருவியைக் காண்பது அறிவின் செயல். அதனைத் தொழிலாளிக்குப் பயன்படச் செய்வதோ மனச்சாட்சியின் செயல். அறிவு முந்தி அறம் பிந்தின், இடையில் நசுங்குவது ஏழையின் கையே. கல்லூரியில் அறிவு தேடும் நாம் இதனை மறவாதிருப்போமாக.