பிரசாதமும் பத்தியமும்

கும்பகோணத்தில் சாரங்கபாணிப் பெருமாள் சந்நிதிக்கு நாள் தவறாமல் சென்றுவந்த 71 வயது அம்மையார் ஒருவர், ஒரு மார்கழியில் திடீரென்று கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார். முழங்கால் வலி என்று வீட்டில் சொன்னார். உண்மைக் காரணம் வயிறு. தொன்னையில் கிடைக்கும் அக்காரவடிசலையோ சுண்டலையோ உண்டால் சிறிது நேரத்துக்கெல்லாம் வயிறு உப்பும், பொருமும். பின்பு பாதி வழியில் வீட்டுக்கு ஓட வேண்டியிருக்கும். பிரசாதத்தை வாங்காமல் திரும்பினால் அபசாரம் ஆகுமோ என்ற அச்சம் ஒரு பக்கம், வாங்கி உண்டால் படும் அவதி இன்னொரு பக்கம். இதை யாரிடம் சொல்வது? கோயிலுக்கே போகாமல் இருந்துவிடுவது என்பதே அவர் கண்ட வழி.

வீட்டிலும் இதே கதைதான். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலில் பாலை விட்டார். பிறகு துவரம்பருப்பை விட்டார். கத்திரிக்காய், தேங்காய், புளி, கீரை என்று ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து விலகின. முதல்நாள் இரவு எதைச் சாப்பிட்டாரோ, மறுநாள் காலை அதன்மீது பழி விழும். முடிவில் மிஞ்சியது சீரக ரசம் விட்டுப் பிசைந்த சாதம் மட்டுமே. மருமகளுக்கோ மனத்தாங்கல்; தம் சமையல் மாமியாருக்குப் பிடிக்கவில்லை என்று அவர் எண்ணிக்கொண்டார். நீரிழிவு உள்ள தாயாராயிற்றே என்று மகன் சர்க்கரை சேர்க்காத மிட்டாயும் பிஸ்கட்டும் வாங்கிவந்து கொடுத்தார். எட்டு மாதத்தில் அம்மையாரின் எடை ஆறு கிலோ குறைந்தது. ஒரு நாள் துளசி மாடத்தருகே கோலம் போட்டுக்கொண்டிருந்தவர் தலை சுற்றி விழுந்த பிறகுதான் விஷயம் மருத்துவரிடம் போயிற்று.

அந்த மருத்துவர் எடுத்த எடுப்பில் எந்த உணவையும் குற்றம் சாட்டவில்லை. முதுமையில் புதிதாக வயிற்றுத் தொல்லை தொடங்கி, கூடவே எடையும் குறைந்தால், அதை உணவு ஒவ்வாமை என்று தாமாகவே முடிவுகட்டிவிடக் கூடாது. மலத்தில் இரத்தம், இரத்தசோகை, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவையும் அப்படியே. வேறு நோய் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதே முதல் வேலை. குடலை உள்நோக்கும் பரிசோதனையும் இரத்தப் பரிசோதனைகளும் முடிந்தன. கோதுமையில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தால் குடலே சேதமடையும் சீலியாக் நோய்க்கான பரிசோதனையும் அவற்றுள் ஒன்று. இதைக் கோதுமையை நிறுத்துவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பின் செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். பலர் இதை அறியாமல் முதலில் சப்பாத்தியை நிறுத்திவிட்டுப் பிறகு பரிசோதனைக்குப் போகிறார்கள்.

பரிசோதனைகளில் குறை ஒன்றும் தென்படவில்லை. அடுத்து மருத்துவர் கேட்டது மாத்திரைப் பட்டியல். நீரிழிவுக்கு உட்கொள்ளும் மெட்பார்மின் சிலருக்கு வயிற்றைக் கலக்கும். அதை மெதுவாகக் கரையும் வகையாக மாற்றித் தந்தார். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இடப்பக்கம் உண்டதும் நேரமும், வலப்பக்கம் வயிறு சொன்னதும் நேரமும் எழுதிவரச் சொன்னார். பற்று வரவுக் கணக்குப் போலத்தான். பல வீடுகளில் பால்காரர் கணக்கு எழுதுவதற்குக் காட்டும் சிரத்தையை வயிற்றுக்குக் காட்டுவதில்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது அவசியம். வேர்க்கடலையோ முந்திரியோ பாலோ சிறிதளவு பட்டாலும் சிலருக்கு உதடு வீங்கும், உடம்பெங்கும் தடிப்பு எழும், மூச்சுத் திணறும். அது அலர்ஜி. அதில் ஒரு துளிக்கும் இடமில்லை, உயிருக்கே ஆபத்தாகலாம். அம்மையாருக்கு இருந்தது வேறு. உணவு செரிக்காமல் படுத்தும் தொல்லை அது. அங்கே கேள்வி அளவைப் பற்றியது.

பாலில் லாக்டோஸ் என்னும் சர்க்கரை இருக்கிறது. அதைச் செரிக்கும் லாக்டேஸ் என்னும் நொதி சிறுகுடலில் சுரக்கிறது. மழலைப் பருவத்தில் நிறையச் சுரக்கும் அது, வயது ஏற ஏறப் பெரும்பாலோர்க்குக் குறைந்துவிடுகிறது. செரியாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கிறது. வாயு, பொருமல், பேதி எல்லாம் அதன் விளைவு. தயிர் உறையும்போது லாக்டோஸின் ஒரு பகுதி அமிலமாக மாறிவிடுவதால், பால் ஒவ்வாத பலருக்குத் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். நெய்யில் லாக்டோஸ் அநேகமாக இல்லை. பால்கோவாவோ பாலைச் சுண்டக் காய்ச்சியது. லாக்டோஸும் அதில் செறிந்தே இருக்கும்.

கொண்டைக்கடலை முதலிய பயறுகளிலும், கோதுமையிலும், வெங்காயம் பூண்டிலும் மனிதக் குடலால் செரிக்க முடியாத வேறு சர்க்கரைகள் உண்டு. அவையும் பெருங்குடலில் புளிப்பவையே. இந்த அம்மையார் வீட்டில் வெங்காயமும் பூண்டும் என்றுமே புழங்கியதில்லை. புழங்கும் வீடுகளில் முதலில் சந்தேகப்பட வேண்டியவை அவைதாம். இவற்றை எல்லாம் ஒரு முறையாகச் சோதித்தறியும் வழியை ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகரத்து மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வகுத்துத் தந்தார்கள். சந்தேகத்துக்குரிய எல்லாவற்றையும் சில வாரங்கள், அதுவும் ஆறு வாரத்துக்கு மேற்படாமல், விலக்கிவைப்பது. வயிறு அடங்கியதும் ஒவ்வொன்றாக, சிறிய அளவில் தொடங்கி, மூன்று நாள் வீதம் மீண்டும் சேர்த்துப் பார்ப்பது. இந்த இரண்டாம் பகுதியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். விலக்கியதை விலக்கியபடியே விட்டுவிட்டு, வாழ்நாள் முழுவதும் ரசம் சாதத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

மூன்று மாதத்தில் நோட்டுப் புத்தகம் தீர்ப்புச் சொல்லியது. ஒரு டம்ளர் பால் ஆகாது. ஆனால் சிற்றுண்டிக்குப் பின் அரை டம்ளர் காப்பி ஆகும். (கும்பகோணத்துக்காரரிடம் காப்பியை அறவே விடச் சொல்லாமல் இருந்ததற்காக அந்த மருத்துவரைப் பாராட்ட வேண்டும்.) இரண்டு சப்பாத்தி ஆகாது, ஒன்று ஆகும். கொண்டைக்கடலையை இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டி, வேறு நீரில் வேகவைத்து, அதையும் வடித்துவிட்டால் இரண்டு கரண்டி சுண்டல் தாங்கும். பாசிப்பருப்பு தொல்லை தரவில்லை. கத்திரிக்காய், தேங்காய், புளி மூன்றும் ஒரு குற்றமும் செய்யாமலே இத்தனை மாதம் தண்டனை அனுபவித்திருந்தன. பெரிய குற்றவாளி யார் தெரியுமா? மகன் ஆசையோடு வாங்கிவந்த சர்க்கரை சேர்க்காத மிட்டாய். இனிப்புக்காக அதில் சேர்க்கும் சார்பிட்டால், மால்டிட்டால் போன்றவை குடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பேதியை உண்டாக்கும். பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் அந்தப் பெயர்கள் அச்சிடப்பட்டிருந்தன. அதைப் படித்துச் சொன்னவர் மருமகள். “இத்தனை நாளா என் சமையல்தான் உங்களுக்குப் பிடிக்கலைன்னு நினைச்சுண்டிருந்தேன் அம்மா” என்று அன்றுதான் அவர் வாய்விட்டுச் சொன்னார்.

பால் குறைந்ததை ஈடுசெய்யத் தயிரும், எள்ளும், கேழ்வரகுக் கூழும் வந்தன. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது.

உடம்பு ஒருவாறு தேறியது. பிரசாதத்தைப் பற்றிய அச்சம் மட்டும் தீரவில்லை. ஒரு நாள் கூட்டம் குறைந்த வேளையில் பட்டாசாரியாரிடமே கேட்டுவிட்டார். அவர் சிரித்துக்கொண்டே, “பெருமாள் அனுக்கிரகத்துக்கு அளவு உண்டோ மாமி? ஒரு பருக்கை போதும். கண்ணில் ஒற்றிண்டு, மீதியைப் பக்கத்தில் இருக்கறவாளுக்குக் கொடுங்கோ. கீழே மட்டும் போட்டுடாதேங்கோ” என்றார்.

பத்தியம் நமக்கு மட்டும் உரியதும் அன்று. பூரியில் ஜகந்நாதப் பெருமானுக்கு ஜ்யேஷ்ட பௌர்ணமியன்று 108 குடம் தீர்த்தத்தால் ஸ்நானம் நடக்கும். அதன்பின் அவர் காய்ச்சலில் படுத்துவிடுவதாகக் கொண்டு, 15 நாள்கள் பக்தர்களுக்குத் தரிசனம் இல்லை. அந்நாள்களில் வழக்கமான பெரும் படையலும் இல்லை. பழங்களும் மூலிகை மருந்துகளுமே அவருக்கு நிவேதனம். தேறி எழுந்த பிறகே ரத யாத்திரை. உலகுக்கெல்லாம் அன்னம் அளிப்பவர் தாமே பத்தியம் இருக்கிறார் என்றால், அக்காரவடிசலைக் கை நீட்டி வாங்கத் தயங்கும் அடியாரை அவர் கோபிப்பாரா? கொல்லூர் மூகாம்பிகை சந்நிதியில் இரவு வழிபாட்டுக்குப் பின் தரும் பிரசாதமே கஷாயம்தான். அங்கே நோயுற்ற ஆதிசங்கரருக்குத் தேவியே அதைக் காய்ச்சிக் கொடுத்தாள் என்பது ஐதிகம். வயிற்று நோயைச் சொல்ல வெட்கப்படுவோர், திருநாவுக்கரசரைத் திருவதிகைக்கு அழைத்துவந்து தமக்கையாரிடம் சேர்த்ததே ஒரு சூலை நோய்தான் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். ஏகாதசி உபவாசத்திலும் எட்டு வயதுக்கு உட்பட்டோருக்கும் எண்பதைக் கடந்தோருக்கும் சாஸ்திரம் விலக்குத் தந்திருக்கிறது.

யாத்திரை போகும்போது மட்டும் கொஞ்சம் விவரம் தேவை. திருப்பதி லட்டில் கடலைமாவு, சர்க்கரை, நெய், முந்திரி, திராட்சை உண்டு. பால் ஒவ்வாதவர் அஞ்ச வேண்டியதில்லை, பயறு ஒவ்வாதவர் கிள்ளி உண்பது நலம். பழனிப் பஞ்சாமிர்தத்தில் தேனும் பேரீச்சையும் இருப்பதால் ஒரு சிறு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளலாம். காஞ்சி வரதர் சந்நிதிக் குடலை இட்லி, மாவைப் புளிக்கவைத்துச் சுக்கும் மிளகும் சீரகமும் சேர்த்து அவிப்பது. அரிசியும் பாசிப்பருப்புமான வெண்பொங்கலைப் போலவே அதுவும் பலருக்கு ஒத்துக்கொள்ளும். சீலியாக் நோய் உள்ளவர்கள் புளியோதரையிலும் கவனமாக இருக்க வேண்டும். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலப்பது உண்டு.

அம்மையார் மறுபடியும் தினந்தோறும் கோயிலுக்குப் போகிறார். தொன்னையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒரு பருக்கையை வாயில் இடுகிறார். மீதிக்காகக் கொடிமரத்தருகே எதிர்வீட்டுச் சிறுவன் ஒருவன் பள்ளிச் சீருடையோடு காத்திருக்கிறான். அக்காரவடிசல் இருக்கும் நாள்களில் அவன் அவருக்கு முன்பே வந்துவிடுகிறான்.