டேங்க் மாட்டும் முன் எடைமேடைக்குப் போங்கள்

பின்னால் கேரவன் கட்டி இழுக்கிற பிக்கப்புக்குக் கூடுதல் டீசல் டேங்க் வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அது தேவையில்லை. டேங்க் மாட்டிப் பிழைப்பவன் நான். என் வாயால் இதைச் சொல்வது வியாபாரத்துக்கு ஆகாதுதான்.

என் பட்டறை இருப்பது தெற்கு ஆஸ்திரேலியாவில், போர்ட் அகஸ்டாவில். டார்வின் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையும், பெர்த் பக்கம் போகும் அயர் நெடுஞ்சாலையும் பிரிகிற ஊர். குளிர்காலம் நெருங்கினால் போதும், வடக்கே வெயிலைத் தேடி கேரவன்கள் சாரை சாரையாகக் கிளம்பிவிடும். முன்பெல்லாம் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரத் தம்பதிகள்தான் வருவார்கள். இப்போது அடிலெய்டிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் நம் ஆட்களும் வருகிறார்கள். பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளோடு, பின்னால் மூன்று டன் கேரவன். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

அப்படி வந்த ஒருவர் கோபிக்காரர். பேச்சிலேயே தெரிந்துவிட்டது.

"ஏனுங்ண்ணா, கூட ஒரு டேங்க் போட்டுட்டா நிம்மதிதானுங்களே?"

"எங்க போறீங்க?"

"நல்லார்பர் வழியா பெர்த்துங்க. நடுக்காட்டுல டீசல் தீந்துபோச்சுன்னா என்னங்க பண்றது?"

அந்த நடுக்காடு எல்லாருடைய மனதிலும் இருக்கிறது. பல்லடோனியாவுக்கும் கைகூனாவுக்கும் இடையே 146 கிலோமீட்டருக்கு மேல் ஒரு வளைவுகூட இல்லாத சாலை. அதன் படத்தைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். மரமும் இல்லை, மனிதரும் இல்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். நல்லார்பரின் இந்தப் பக்கம் செடூனாவிலிருந்து அந்தப் பக்கம் நார்ஸ்மன் வரை சுமார் 1,200 கிலோமீட்டர். அதில் பங்க் இல்லாத மிக நீண்ட இடைவெளி 190 கிலோமீட்டரை ஒட்டித்தான் வரும். வடக்கே போனால் கிளெண்டாம்போவிலிருந்து கூபர் பீடி வரை 250 கிலோமீட்டருக்கு ஒன்றும் கிடையாது. அங்கேதான் கொஞ்சம் கவனம் வேண்டும். ஹைலக்ஸ் பிக்கப்பில் கம்பெனி கொடுக்கிற டேங்க் 80 லிட்டர். பெரிய கேரவனை இழுத்தால் நூறு கிலோமீட்டருக்கு 20 லிட்டர் குடிக்கும் என்று வையுங்கள். 400 கிலோமீட்டர் வருகிறது. மேற்குக் காற்று முகத்தில் அடித்தால் 25 லிட்டர்கூட ஆகலாம். அப்போதும் 320. வேகத்தை 110-லிருந்து 90-க்குக் குறைத்தால் டேங்க் மாட்டாமலே டீசல் மிச்சமாகும். அதை யாரும் கேட்பதில்லை.

டீசல் தீர்ந்து நின்றவர்களை இழுத்து வந்திருக்கிறேன். அவர்களில் அநேகர், "அடுத்த பங்கில் போட்டுக்கொள்ளலாம்" என்று ஒரு ரோட்ஹவுஸைத் தாண்டிப் போனவர்கள்.

எனக்குக் கவலை டீசல் இல்லை, எடை. டபுள் கேப் ஹைலக்ஸில் ஆளும் சரக்கும் சேர்த்து வண்டியின் மொத்த எடை 3,050 கிலோவைத் தாண்டக் கூடாது. டேங்க் நிறைந்த வெறும் வண்டியே சுமார் 2,100 கிலோ. மிச்சம் 950. விளம்பரத்தில் சொல்கிறபடி 3,500 கிலோ கேரவனைக் கட்டினால், அதில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல், அதாவது வண்டியின் மேல், இறங்கும். 350 போயிற்று. கையில் 600. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள்: 280. முன்பக்க புல் பார் 60, இழுவைச் சட்டம் 40, பின்னால் மூடிய கேனப்பி 80, ஃப்ரிட்ஜும் டிராயரும் அதற்குள் இருக்கும் சாமானும் 90. கூட்டிக் கழித்தால் 50 கிலோ மிஞ்சும். இதில் 70 லிட்டர் டேங்க் மாட்டினால், டீசல் லிட்டருக்கு 840 கிராம் வீதம் கிட்டத்தட்ட 60 கிலோ, இரும்பும் பட்டையும் போல்ட்டுமாக இன்னொரு 25. வரம்பு தாண்டியாயிற்று. கூடாரம், சைக்கிள், குக்கர், அரிசி மூட்டை எதையும் நான் இன்னும் ஏற்றவேயில்லை.

அந்தக் கூடுதல் டேங்க் எங்கே உட்காருகிறது என்பது இன்னொரு சங்கதி. பழைய டேங்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரியதை மாட்டினால் பரவாயில்லை. பாதிக்கு மேல் பின் அச்சுக்கு முன்னாலேயே இருக்கும். துணை டேங்க் என்றால் ஸ்டெப்னி தொங்கும் இடத்தில்தான் வரும். ஸ்டெப்னியை எங்கே வைப்பது? பின் பம்பரில் தனியாக ஒரு தாங்கி, அதற்கு ஒரு எழுபது எண்பது கிலோ. எல்லாமே பின் அச்சுக்கு வெளியே தொங்குகிற எடை.

மாட்டுவண்டி ஓட்டினவர்களுக்குப் பின்பாரம் தெரியும். மூட்டையைப் பின்னால் அடுக்கினால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு தடுமாறும். இங்கே தூக்குவது முன் சக்கரங்களை. கொக்கி, பின் அச்சுக்குப் பின்னால் சுமார் ஒன்றேகால் மீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு அச்சுக்கும் இடையே மூன்று மீட்டர் சொச்சம். கொக்கியில் 350 கிலோ இறங்கினால் பின் அச்சில் ஏறுவது 350 இல்லை, ஏறக்குறைய 490. அந்தக் கூடுதல் 140, முன் அச்சிலிருந்து கழன்று வருகிறது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிக்க வேண்டிய சக்கரத்திலிருந்து. இதற்குப் பரிகாரமாகப் பின் சஸ்பென்ஷனில் ஏர் பேக் வைத்து வண்டியை நிமிர்த்துகிறார்கள். பார்வைக்கு நேராகிவிடும், பாரம் போகாது. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே சேஸிஸ் மடங்கிப்போன பிக்கப்புகளை இந்த ஊரில் டோ லாரி மேல் பார்க்கலாம். எந்தக் கம்பெனி வண்டியும் இதற்கு விதிவிலக்கில்லை.

எங்கள் நாமக்கல்லில் டேங்க் பெரிதாக இருப்பது லாரிக்கு அழகு. அப்பா லாரி ஓட்டியவர். கர்நாடகத்தில் டீசல் விலை குறைவாக இருந்த காலங்களில், பெங்களூரிலிருந்து திரும்பும்போது அத்திப்பள்ளியில் டேங்க் வழிய வழிய நிரப்பிக்கொண்டுதான் ஓசூருக்குள் நுழைவார். போகும்போது எல்லையைத் தொடுகிற அளவுக்கு மட்டும். அந்தக் கணக்கு சரியான கணக்கு. 16 டன் லாரியில் நூறு லிட்டர் டீசல் கூடினால் எடையில் அரை சதவீதம். வாராவாரம் அதே சாலை. நம் கோபிக்காரர் அந்தச் சாலையில் வாழ்நாளில் இரண்டு முறை போவார்.

விலைக் கணக்கும் அப்படித்தான். ரோட்ஹவுஸில் டீசல் நகரத்தைவிட லிட்டருக்கு 60 சென்ட் அதிகம் என்றே வைத்துக்கொள்வோம். கூடுதலாக 60 லிட்டரை நகரத்திலேயே பிடித்துக்கொண்டு போனால் மிச்சம் 36 டாலர். டேங்குக்கும் கூலிக்கும் 1,800 டாலர் ஆனால், ஐம்பது தடவை போனால்தான் முதல் திரும்பும். போதாக்குறைக்குப் பங்கில் ஒரு தொல்லை: மூச்சுக்குழாய் சரியாக அமையாத டேங்கில் காற்று அடைத்துக்கொண்டு பம்ப் படக் படக்கென்று நின்றுவிடும். கடைசிப் பத்து லிட்டரை வெயிலில் நின்று சொட்டுச் சொட்டாக ஊற்ற வேண்டும், பின்னால் நிற்கிற ரோடு ட்ரெயின்காரர் முறைத்துக்கொண்டிருப்பார்.

வேண்டியவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். 1,850 கிலோமீட்டர் கேனிங் ஸ்டாக் பாதையில் போகிறவர்கள், சிம்ப்சன் பாலைவனத்து மணல்மேடுகளைக் கடக்கிறவர்கள், தொலைதூரப் பண்ணைகளில் வேலி பார்க்கிறவர்கள். இவர்களுக்குப் பெரிய டேங்க் உயிர். ஜெர்ரி கேன்களைக் கூரையில் கட்டிக்கொண்டு போவதைவிட, கீழே சேஸிஸோடு ஒட்டிய டேங்க் ஆயிரம் மடங்கு மேல். ஆனால் இவர்கள் யாரும் மூன்றரை டன் கேரவனை இழுத்துக்கொண்டு அங்கே போவதில்லை.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். டேங்க் கேட்டு வருமுன், போகிறபடியே எல்லாவற்றையும் ஏற்றி, பிள்ளைகளையும் உட்கார வைத்து, எடைமேடையில் ஏறிவிட்டு வாருங்கள். கேரவனோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை. கல்குவாரி, குப்பைக்கிடங்கு, தானியக் கிடங்கு என்று எந்த ஊரிலும் எடைமேடை இருக்கிறது. கரும்பு லாரிக்குச் சீட்டு வாங்கின ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவா வேண்டும்? போலீசும் சாலையோரத்தில் கேரவன்களை நிறுத்தி எடை போடுவதுண்டு. வரம்பு மீறி விபத்தானால் இன்சூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் கேள்விகளில் எடையும் ஒன்றாக இருக்கும்.

அரசுக்கும் ஒரு வேலை இருக்கிறது. இழுவைத் திறன் 3,500 என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அதன் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில், "இதை இழுக்கும்போது வண்டியில் ஏற்றக்கூடியது இவ்வளவுதான்" என்ற எண்ணையும் போடச் சட்டம் வேண்டும். புல் பார் ஆனாலும் டேங்க் ஆனாலும், மாட்டுகிற பட்டறை அதன் எடையைப் பில்லில் எழுதித் தர வேண்டும். நான் எழுதித் தருகிறேன், எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை.

கோபிக்காரர் எடை போட்டுவிட்டு வந்தார். சீட்டைப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. இருபது லிட்டர் கேன் ஒன்றும், கேரவனில் நிரம்பியிருந்த தண்ணீரில் பாதியை இறக்கிவிட்டுப் போகச் சொல்லி யோசனையும் கொடுத்தேன். அவர் கேட்டுக்கொண்டார். எல்லாரும் கேட்பதில்லை. எடைமேடை என்றதும் முகம் சுளித்து, இரண்டு தெரு தள்ளி இருக்கிற பட்டறைக்கு வண்டியைத் திருப்புகிறவர்கள் உண்டு. அங்கே எந்தச் சீட்டும் கேட்காமல் அன்று சாயங்காலமே மாட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.