நான்கெல்லைக்கு உட்பட்ட சாதி

என் கையில் பசைக் கிண்ணம். மேனேஜர் கையில் கேமரா. 2022இல் ஒரு காலை, பாலாற்றங்கரையில் ஒரு காலனி. சுவாதீன அறிவிப்பை வாசற்கதவில் ஒட்டி, ஒட்டியதைப் படம் பிடித்துக் கோப்பில் வைக்க வேண்டும். அந்த வீட்டு அக்கா ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர். பாதி வாரிய தலையோடு வெளியே வந்தார்.

"இன்னா தம்பி ஒட்ற?"

சொன்னேன்.

"நம்ம பையன் பேங்குல கீறான்னுதான தைரியமா கையெழுத்துப் போட்டோம்?"

என்னிடம் பதில் இல்லை. அடுத்த ஊர்ச் சேரிதான் என்னுடையது. இட ஒதுக்கீட்டில் வந்த வேலை இது. கவிதை எழுதுகிறவன் என்று தெரிந்ததால் ஏல விளம்பரத்தைத் தமிழில் எழுதும் வேலையும் என் தலையில்தான். என் கவிதைத் தொகுப்புக்கு வாய்க்காத வாசகர்கள் அதற்கு வாய்க்கிறார்கள்.

அந்தக் கடன் எப்படிக் கெட்டது? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. ஷூ கம்பெனியின் கேட்டு மூடியது. அந்த ஏப்ரல் முதல் ஜூன் வரை நாட்டின் உற்பத்தி முந்தைய ஆண்டைவிட நூற்றுக்கு 23.9 சுருங்கியது என்று அரசே முதல் கணக்குச் சொன்னது. ஆகஸ்ட் 31 வரை தவணையைத் தள்ளிப்போடலாம் என்றது ரிசர்வ் வங்கி. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. கம்பெனி திறந்தபோது வாரத்தில் பாதி நாள்தான் வேலை. 90 நாள் தவறினால் வாராக்கடன். பிறகு 60 நாள் நோட்டீஸ். அதற்குப் பிறகு பசைக் கிண்ணம்.

"பணம் வாங்கினா கட்டணும். ஏலம் சாதி பார்க்காது, பணத்தைத்தான் பார்க்கும்." என் சக ஊழியர்கள் இப்படிச் சொல்கிறார்கள். சில இடதுசாரித் தோழர்களும் இதையே வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். நான் எழுதிய ஏல விளம்பரத்தின் சொத்து விவரத்தை அவர்கள் படிக்கட்டும். மேற்கே ஆதிதிராவிடர் காலனித் தெரு, தெற்கே சுடுகாட்டுப் பாதை, கிழக்கே ஓடைப் புறம்போக்கு, வடக்கே இன்னொரு கூலிக்காரர் வீடு. இந்த நான்கெல்லைக்கு உட்பட்டது வெறும் மனையா? 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் பழைய பத்திரத்தில் அது இருக்கிறது. ஏலம் கேட்க வருகிறவன் மனசிலும் இருக்கிறது.

சொத்து மதிப்பீட்டாளர் நிரப்பும் படிவத்தில் பகுதியின் தரம் என்று ஒரு வரி உண்டு. உயர்ந்தது, நடுத்தரம், ஏழை. சாதிக்கென்று கட்டம் கிடையாது, தேவையும் கிடையாது. அதே செங்கல், அதே சிமெண்ட், அதே கம்பி. ஊரில் கட்டினால் ஒரு விலை, சேரியில் கட்டினால் வேறு விலை. கடன் கேட்கும்போது அந்தக் குறைந்த விலையைக் காட்டி, கூடுதல் ஜாமீன் கேட்டோம். ஏலத்தில் அதே குறைந்த விலையில்தான் ஆரம்பித்தோம். முதல் ஏலத்துக்கு ஒருவரும் வரவில்லை. ஊர்க்காரன் சேரியில் குடியிருக்க வர மாட்டான். சேரிக்காரனுக்கு ஆசை இருக்கும். ஆனால் முன்வைப்புத் தொகையோடு சேர்த்து நூற்றுக்கு 25ஐ மறுநாளுக்குள்ளும் மீதியைப் 15 நாளிலும் கட்ட அவனிடம் ஏது? விலையைக் குறைத்தோம். இரண்டாவது ஏலத்தில் ஒரு வியாபாரி குடோனுக்காக எடுத்தார். வந்த தொகை கடனுக்குப் போதவில்லை. வீடு போயிற்று, கடன் போகவில்லை. பாக்கிக்காக, ஜாமீன் போட்ட இன்னொரு ஷூ கம்பெனிப் பெண்ணின் கதவையும் தட்டினோம்.

இதற்கெல்லாம் அதிகாரம் தருவது 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம். கேட்பவனும் தீர்ப்பவனும் அமீனாவும் வங்கியே. சிவில் கோர்ட்டுக்குப் போக முடியாது. கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அது சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ரயிலேற வேண்டும். இதே சட்டத்தின் 31ஆம் பிரிவு விவசாய நிலத்துக்கு விலக்கு அளிக்கிறது. நல்லது, உழுகிறவன் நிலம் போகக் கூடாது. ஆனால் நிலம் யாரிடம் இருக்கிறது? நம்மிடம் இருப்பது இரண்டு அறை வீடு. அதற்கு விலக்கு இல்லை.

மேலே பாருங்கள். ஐந்து நிதியாண்டுகளில், 2021-22 வரை, வங்கிகள் கணக்கிலிருந்து எழுதித் தள்ளிய கடன் 10 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்கு இது. "அது தள்ளுபடி இல்லை, வசூல் தொடரும்" என்பார்கள். நானும் பேங்க்காரன்தான், வித்தியாசம் தெரியும். அப்படி எழுதித் தள்ளியவற்றிலிருந்து அதே காலத்தில் வசூலானது சுமார் 1.32 லட்சம் கோடி. அந்தப் பெரிய வீடுகளின் கதவில் பசை தடவ என்னை யாரும் அனுப்பவில்லை.

இது நம் நாட்டு விசேஷம் மட்டுமல்ல. 1972இல் மகாராஷ்டிரத் தலித் பேந்தர்கள் எந்த மக்களின் இயக்கத்திலிருந்து பெயர் எடுத்தார்களோ, அந்த அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கும் இதே கணக்குதான். 1930களில் அவர்கள் குடியிருப்புகளை வரைபடத்தில் சிவப்பாக்கிக் கடன் மறுத்தார்கள். 2008க்கு முன்பு அதே மக்களைத் தேடிப்போய்க் கூடுதல் வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். சரிவு வந்ததும் ஏலம். ஜார்ஜியா மாநிலத்தில் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, நீதிமன்ற வாசலில் வீடுகள் ஏலம் போகும். செயின்ட் லூயிஸ் நகரின் பழைய நீதிமன்றப் படிகளில் ஒரு காலத்தில் மனிதர்களையே ஏலம் போட்டார்கள்.

வேலையை விட்டுவிடு என்கிறார் ஒரு நண்பர். விட்டால் பசைக் கிண்ணம் வேறொரு கைக்குப் போகும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், தோழர்களே. 60 நாள் நோட்டீசுக்கு ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாம். வங்கி 15 நாளில் காரணத்தோடு பதில் தந்தாக வேண்டும். சுவாதீனம் எடுத்த 45 நாளுக்குள் தீர்ப்பாயம் போகலாம். 2016இல் வந்த திருத்தத்தின்படி, ஏல அறிவிப்பு வெளியானதும் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கும் உரிமை போய்விடும். அதற்கு முன்பே ஓட வேண்டும். இதெல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. என் குற்றம் பசை தடவியது அல்ல, அதுதான்.

குடியிருக்கும் ஒரே வீட்டுக்கு விவசாய நிலத்தைப் போல விலக்கு வேண்டும். இதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேருங்கள். மாணவத் தோழர்களே, செய்தித்தாளில் சுவாதீன அறிவிப்புப் பக்கத்தைப் புரட்டிப் போகாதீர்கள். நான்கெல்லையைப் படியுங்கள். நம் தெரு என்று தெரிந்தால், ஏலம் கேட்பவன் வருவதற்கு முன்னால் அந்த வாசலில் போய் நில்லுங்கள். நோட்டீசைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள்.